பேப்பர் வெயிட்டுக்கு அடியில் அரை மணி நேரம்

போன மாதம் நிலையத்திலிருந்து ஒரு பெண் வீட்டுக்கு வந்திருந்தாள். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்குக் கொடுக்க ஒரு கையேடு தயாரிக்கிறார்களாம். நிலையம் எப்படி அமைந்திருக்கிறது, எந்தப் பிரிவு யாருக்குக் கீழே வருகிறது, எந்தக் காகிதம் எங்கிருந்து எங்கே போகும் என்று பழைய ஆட்களைக் கேட்டு எழுதச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். பழைய ஆட்கள் என்று இப்போது மிஞ்சியிருப்பது மூன்று பேர். ஒருவருக்குக் காது கேட்காது. இன்னொருவர் மகனோடு வெளிநாட்டில் இருக்கிறார். மூட்டு வலிக்குத் தைலம் தடவிக்கொண்டு வீட்டோடு கிடக்கும் நான்தான் அகப்பட்டேன்.

ஒரு தாள் வாங்கிக் கட்டம் கட்டமாகப் போட்டுக் கொடுத்தேன். எல்லாவற்றுக்கும் மேலே டெல்லி தலைமையகம். அதன் கீழே எங்கள் இயக்குநர். அவருக்குக் கீழே இடது பக்கம் நிர்வாகம், வலது பக்கம் ஆராய்ச்சி. ஆராய்ச்சிக்குக் கீழே கிளினிக், பரிசோதனைக் கூடம், எக்ஸ்ரே, நோயாளிகளின் வீடுகளுக்குப் போய்வரும் பிரிவு, கடைசியில் நான் இருந்த புள்ளிவிவரப் பிரிவு. அவள் அதைப் பார்த்துவிட்டு சூப்பர் என்றாள். அப்புறம் பையிலிருந்து பழைய விதிப் புத்தகத்தின் நகலை எடுத்து ஒரு இடத்தில் விரலை வைத்தாள்.

'தகுதிச் சீட்டு பிரிவுக்கு வந்த ஐந்து நிமிடத்துக்குள் உறை திறக்கப்பட வேண்டும். தாமதமானால் காரணத்தை எழுதிப் பிரிவுத் தலைவரின் கையெழுத்தைப் பெற வேண்டும்.' இப்போது உறையும் இல்லை, சீட்டும் இல்லை, எல்லாவற்றையும் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறது. ஆனாலும் எதற்காக ஐந்து நிமிடம், யார் போட்ட விதி என்று எழுதினால் சுவாரசியமாக இருக்கும் என்றாள். யாரோ ஒருத்தர் தாமதம் பண்ணியிருப்பார், அதற்காகப் போட்டிருப்பார்கள் என்று சொல்லிக் காபி கொடுத்து அனுப்பிவிட்டேன்.

அந்த யாரோ ஒருத்தர் நான்தான். அவளிடம் சொல்ல அலுப்பாக இருந்தது. சொன்னால் கையேட்டில் அரைப் பக்கம் வரும், அதற்கு மேல் வராது. அரைப் பக்கத்தில் அடங்குகிற விஷயமும் இல்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

அறுபதுகளின் கடைசியில் வேலைக்குச் சேர்ந்தேன். கணிதத்தில் பட்டம், தட்டெழுத்தில் ஹையர், வீட்டில் கல்யாணப் பேச்சைத் தள்ளிப்போட ஏதாவது ஒரு காரணம் தேவை, இவ்வளவுதான் என் தகுதி. மந்தைவெளியில் வீடு. பஸ் ஏறி அடையாறு பாலத்தைத் தாண்டி இறங்கி, மரங்கள் மூடிய ஒரு தெருவில் கால் மைல் நடந்தால் எங்கள் நிலையம். யாரோ ஒரு துரை கட்டிவிட்டுப் போன பங்களா. காசநோய்க்கு எந்த மருந்தை எப்படிக் கொடுத்தால் நல்லது என்று கண்டுபிடிப்பது அங்கே வேலை. முதல் இரண்டு வருடம் அட்டைகளில் எண் போட்டேன். இருமல் என்றால் ஒரு எண், காய்ச்சல் என்றால் ஒரு எண், மருந்தால் தலைசுற்றல் வந்தால் நான்கு. பக்கத்து நாற்காலிக்காரி போட்ட எண்ணை நான் சரிபார்ப்பேன், நான் போட்டதை அவள் சரிபார்ப்பாள். அந்த இரண்டு வருடத்தைப் பற்றி வேறு எதுவும் நினைவில்லை.

அந்தப் பெண்ணுக்கு நான் போட்டுக் கொடுத்த படத்தில் தப்பு எதுவும் இல்லை. ஆனால் அதைப் பார்த்தால் யார் யாருக்கு சலாம் போட வேண்டும் என்பதுதான் தெரியும். நிலையத்தின் உண்மையான அமைப்பு, யாருக்கு எது தெரியக் கூடாது என்பதில் இருந்தது. சளியைச் சோதிக்கிறவருக்கு நோயாளியின் பெயர் தெரியாது, புட்டியில் ஒட்டிய எண் மட்டும் தெரியும். எக்ஸ்ரே பார்க்கிற டாக்டருக்கு அவர் என்ன மருந்து சாப்பிடுகிறார் என்று தெரியாது. படத்தின் ஓரத்தில் பெயர் இருக்கிற இடத்தில் கறுப்பு டேப் ஒட்டியிருக்கும். கிளினிக் டாக்டருக்கு நோயாளியைத் தெரியும், அவருக்கு என்ன சிகிச்சை வரப்போகிறது என்று தெரியாது. எங்கள் பிரிவுக்கு எல்லாம் தெரியும், நோயாளியை மட்டும் பார்க்கக் கூடாது. நிர்வாகப் பிரிவுக்கு இது எதுவுமே தெரியாது. நிலையம் நடப்பதே லீவு லெட்டர் வாங்கத்தான் என்று அவர்கள் கடைசிவரை நம்பினார்கள்.

உறைகள் இருந்தது எங்கள் மாடியில், ஒரு இரும்பு அலமாரியில். மூன்றாம் வருடம் அதன் சாவி என்னிடம் வந்தது. அப்போது நடந்த ஆய்வில் மூன்று சிகிச்சை முறைகள். முதல் முறையில் தினமும் ஊசி, கூடவே மாத்திரை. இரண்டாவதில் வாரத்தில் இரண்டு நாள் வந்து எங்கள் எதிரிலேயே மருந்து சாப்பிட வேண்டும். மூன்றாவதில் வெறும் மாத்திரை, வீட்டிலேயே சாப்பிட்டுக்கொள்ளலாம். எது யாருக்கு என்று டாக்டர் முடிவு செய்தால் நோய் முற்றியவருக்கு ஊசியும் லேசாக இருக்கிறவருக்கு மாத்திரையும் போய்விடும். பிறகு மருந்து குணப்படுத்தியதா, நோயே லேசாக இருந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் குலுக்கல். சீட்டில் முறையின் எண்ணைத் தட்டச்சு செய்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாலும் தெரியாதபடி எக்ஸ்ரே பிலிம் சுற்றி வருகிற கறுப்புத் தாளில் மடித்து, உறையில் போட்டு அரக்கு வைத்து, வரிசை எண் எழுதி அடுக்கியிருப்போம். கீழே டாக்டர் ஒரு நோயாளியை ஆய்வில் சேர்க்கலாம் என்று தகுதிச் சீட்டு எழுதி அனுப்புவார். சீட்டு வந்ததும் அடுத்த உறையைத் திறந்து, அதில் இருப்பதை டெலிபோனில் கீழே சொல்ல வேண்டும். அவ்வளவுதான். ஒரு மனிதன் ஒரு வருடம் என்ன மருந்து சாப்பிடுவான் என்பது அரை நிமிடத்தில் முடிந்துவிடும்.

இதற்கெல்லாம் தலைவர் பத்மநாபன் சார். மயிலாப்பூர் தெற்கு மாட வீதிப் பக்கத்திலிருந்து வருவார். ஒல்லியான உடம்பு, கஞ்சி போட்ட முழுக்கைச் சட்டை, நெற்றியில் மெல்லிய ஒற்றைக் கோடு. குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. அவரிடம் ஒரே ஒரு தொந்தரவு. யார் எதைச் சொன்னாலும் "எப்படித் தெரியும்?" என்று கேட்பார். கிண்டலாகக் கேட்டால்கூடச் சகித்துக்கொள்ளலாம், நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்பார். சாயங்காலம் மழை வரும் சார் என்றால் எப்படித் தெரியும் என்பார். கேன்டீன்காரர் வடை சூடாக இருக்கிறது என்றால் அவரிடமும் அதே கேள்வி. அந்த மனிதர் வடைத் தட்டை வைத்துக்கொண்டு விழிப்பார். சார் நிதானமாக ஒரு வடையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, ஆமாம் என்று எடுத்துக்கொள்வார்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு உறைப் பதிவேட்டைச் சரிபார்ப்பார். நான் சீட்டுகளையும் திறந்த உறைகளையும் வரிசையாக வைத்துக்கொண்டு எதிரே உட்கார வேண்டும். மர ஸ்கேலை ஒவ்வொரு வரிக்குக் கீழேயும் வைத்து, முணுமுணுத்தபடி படிப்பார். பெயர், சீட்டு எண், உறை எண், முறை, நேரம். ஒரு வரிக்கு ஒரு பென்சில் புள்ளி. பத்து வரியோ ஐம்பது வரியோ அதே வேகம்தான். எனக்குக் கொட்டாவி வரும். அடக்கினால் கண்ணில் தண்ணீர் வரும். அதையும் அவர் கவனிக்க மாட்டார்.

இனி காதர் பாய். மந்தைவெளி மார்க்கெட்டுக்குப் பின்னால் சந்தில் ஒரு டெய்லர் கடையில் கட்டிங் மாஸ்டர். என்னைவிட மூன்று நான்கு வயது இளையவர். துணியை விரித்து, சாக்பீஸை எடுத்துக் கழுத்துக்கு ஒரு வளைவு போடுவார் பாருங்கள், இரண்டாம் முறை திருத்த மாட்டார். அவர் வெட்டிய ரவிக்கை தோளில் உட்காருகிற மாதிரி வேறு யார் வெட்டியதும் உட்கார்ந்ததில்லை. அளவு வாங்கிய நோட்டைப் பார்க்காமலே எங்கள் வீட்டில் எல்லாருடைய அளவையும் சொல்வார்.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு காலை, நான் மாடிப்படி ஏறப் போகும்போது கீழே நோயாளிகள் உட்காரும் பெஞ்சில் அவர் இருந்தார். கையில் சளிப் புட்டி. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். பார்க்காத மாதிரி ஏறிப் போயிருக்க வேண்டும். அதுதான் விதி. ஆனால் மூன்று வருடம் நமக்கு ரவிக்கை தைத்த ஆள் எழுந்து நிற்கும்போது எப்படி முகத்தைத் திருப்பிக்கொண்டு போவது?

இருமலில் ரத்தம் வந்ததாகச் சொன்னார். கடையில் சொல்லவில்லை. காசநோய்க்காரன் தொட்ட துணியை யார் உடுத்துவார்கள், கடைக்காரர் அன்றைக்கே அனுப்பிவிடுவார். மனைவிக்கு ஏழாம் மாதம். இதையெல்லாம் கணக்குச் சொல்வது போல வேகமாகச் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"சில பேருக்கு வெறும் மாத்திரைய குடுத்து அனுப்பிச்சிடறாங்களாம் அக்கா. நம்ம மாமனாரு மாத்திர துன்னுக்கினேதான் செத்துப் போனாரு. ஊசி போட்டாத்தான் இது போவும். நீங்க இங்கதான கீறீங்க, கொஞ்சம் சொல்லி வுடுங்க."

ஊசி போட்டால்தான் வைத்தியம் என்று அந்தக் காலத்தில் எல்லாரும் நம்பினார்கள். என் அம்மா ஜலதோஷத்துக்குக்கூட ஊசி போடாத டாக்டரை டாக்டர் என்று ஒத்துக்கொள்ள மாட்டாள். ஆராய்ச்சி நிலையத்தில் உட்கார்ந்து எண் போட்டுக்கொண்டிருந்த எனக்கும் உள்ளுக்குள் அதே நம்பிக்கைதான் இருந்தது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. பார்க்கிறேன் பாய் என்று சொல்லிவிட்டு மேலே போனேன்.

சொல்லி விட என்னிடம் எதுவும் இல்லை என்றுதான் நினைத்தேன். அடுத்த வாரம் புதன்கிழமை காலை பத்து மணி பத்து நிமிடத்துக்கு அவருடைய தகுதிச் சீட்டு என் மேஜைக்கு வந்தது. அலமாரியைத் திறந்தேன். உறைகள் ஆறு ஆறாகக் கட்டப்பட்டிருக்கும். ஒவ்வொரு கட்டிலும் மூன்று முறையும் இரண்டிரண்டு தடவை வரும். எந்த முறையிலும் ஆள் அதிகமாகச் சேர்ந்துவிடக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு. அந்தக் கட்டில் ஐந்து உறைகளை ஏற்கெனவே திறந்தாயிற்று, ஒன்றுதான் மிச்சம். திறந்த ஐந்தில் ஊசி இரண்டு, வாரம் இரண்டு நாள் மருந்து இரண்டு, வெறும் மாத்திரை ஒன்று. மிச்சமிருக்கும் உறையில் என்ன இருக்கும் என்று சொல்லக் கணிதப் பட்டம்கூட வேண்டாம்.

கறுப்புத் தாளும் அரக்கும் எல்லாம் வெளி ஆட்களுக்குத்தான். உள்ளே உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருப்பவளிடமிருந்து மறைக்க யாருக்கும் தோன்றவில்லை.

சீட்டைப் பேப்பர் வெயிட்டுக்கு அடியில் வைத்தேன். கண்ணாடிக்குள் சிவப்புப் பூ இருக்கிற பேப்பர் வெயிட். வேறு வேலை பார்ப்பது போல இருந்தேன். பத்து நாற்பதுக்கு அடுத்த சீட்டு வந்தது. பட்டம்மாள், மயிலாப்பூர், காய்கறி வியாபாரம். கட்டின் கடைசி உறையைத் திறந்து அவள் பெயரை எழுதினேன். வெறும் மாத்திரை. பிறகு புதுக் கட்டைப் பிரித்து, முதல் உறையைக் காதர் பாய்க்குத் திறந்தேன். அதில் எது வேண்டுமானாலும் இருந்திருக்கலாம். ஊசி இருந்தது. சாமியே பார்த்துக் கொடுத்த மாதிரி நினைத்துக்கொண்டேன். டெலிபோனில் கீழே சொன்னபோது குரலில் சந்தோஷம் தெரியாமல் பார்த்துக்கொண்டேன்.

மத்தியானம் படியிறங்கும்போது காதர் பாய் முழங்கைக்கு மேலே பஞ்சை அழுத்திக்கொண்டு நின்றிருந்தார். நெஞ்சில் கையை வைத்துத் தலை குனிந்தார். நானும் பெரிய மனுஷி மாதிரி தலையாட்டிவிட்டுப் போனேன்.

வெள்ளிக்கிழமை மூன்று மணி. ஸ்கேல் வரி வரியாக இறங்கி வந்தது. அந்த இரண்டு வரிகளில் நின்றது. கீழே கிளினிக்கில் சீட்டு எழுதும்போதே நேரம் போடுவார்கள் என்பதை நான் மறக்கவில்லை. பியூன் இரண்டையும் ஒன்றாகக் கொண்டுவந்தான், மாறிப்போய்விட்டது என்று ஒரு பொய்யைத் தயாராகவே வைத்திருந்தேன்.

"இது பத்து பத்துக்கு எழுதினது. அது பத்து நாப்பதுக்கு. உறை மட்டும் மாறியிருக்கே, சுலோசனா?"

பொய் வரவில்லை. வாயைத் திறந்தால் அவர் எங்கள் டெய்லர் சார் என்று வந்தது. பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். பெஞ்சு, மாமனார், ஏழாம் மாதம், ஆறாவது உறை. சார் ஸ்கேலை நோட்டின் நடுவில் வைத்து மூடினார்.

"மாத்திரை அவருக்குப் போறாது, ஊசிதான் நல்லதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

நான் எதிரே இருந்த சீட்டுகளை மறுபடி வரிசையாக அடுக்கினேன்.

"தெரியும்னா சொல்லிடுங்கோ. டெல்லிக்கு ஒரு கடுதாசி எழுதிப் போட்டுட்டு நாம எல்லாரும் ஆத்துக்குப் போயிடலாம்."

அதிலும் கிண்டல் இல்லை. கேன்டீன்காரரிடம் கேட்ட அதே முகம்தான். திட்டியிருந்தால் அழுதுவிட்டு எழுந்து வந்திருப்பேன்.

பிறகு நடந்தது எல்லாம் முறைப்படி நடந்தது. பதிவேட்டில் தன் கையால் 'வரிசை மீறப்பட்டது' என்று எழுதினார். இயக்குநருக்குக் குறிப்பு, இயக்குநரிடமிருந்து எனக்கு மெமோ, நான் எழுதிய விளக்கம், அதன் மேல் டெல்லியின் ஒரு வரி. காதர் பாயும் பட்டம்மாளும் ஆய்வின் கணக்கிலிருந்து நீக்கப்பட்டார்கள். சிகிச்சையை நடுவில் மாற்ற முடியாது, அது தொடரும். அவர்களுடைய குணமோ சாவோ எந்த அட்டவணையிலும் வராது. அலமாரிச் சாவி என்னிடமிருந்து போயிற்று. கட்டில் எத்தனை உறை என்பது அதன் பிறகு சாருக்கு மட்டும்தான் தெரியும், ஒவ்வொரு கட்டுக்கும் மாற்றிக்கொண்டே இருந்தார். அந்த ஐந்து நிமிட விதியும் அப்போது வந்ததுதான். நான் மறுபடி எண் போடும் மேஜைக்குப் போனேன்.

அங்கே உட்கார்ந்து கவலைப்பட்டேன், பட்டம்மாளுக்காக. காதர் பாய்க்கு வர வேண்டிய மாத்திரையை அவள் தலையில் கட்டிவிட்டேனே என்று. அவள் முகம்கூட எனக்குத் தெரியாது. வீடுகளுக்குப் போய்வரும் பிரிவில் சாந்தோம் ரோஸி என் சிநேகிதி. முன்னறிவிப்பு இல்லாமல் நோயாளி வீட்டில் போய் நின்று, மிச்சமுள்ள மாத்திரையை எண்ணி, ஒரு சின்னப் புட்டியில் சிறுநீர் வாங்கி வருவது அவள் வேலை. மாத்திரையைச் சாப்பிட்டார்களா, சாக்கடையில் போட்டார்களா என்று சிறுநீர் சொல்லிவிடும். மாதாமாதம் அவளிடம் பட்டம்மாள் எப்படி இருக்கிறாள் என்று கேட்பேன். கேட்கக் கூடாதுதான். ஒரு மாதம் இருமல் குறைந்தது என்பாள். அடுத்த மாதம் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு குளத்தங்கரையில் எதிரே வந்தாள் என்பாள். சளிப் பரிசோதனை முடிவும் கிருமி இல்லை, கிருமி இல்லை என்றே வந்தது. கபாலீஸ்வரர் கோயிலில் அவள் பெயருக்கு அர்ச்சனைகூடப் பண்ணினேன். காதர் பாயைப் பற்றி ஒருமுறையும் கேட்கவில்லை. ஊசி போட்டுக்கொள்கிறவரைப் பற்றிக் கேட்க என்ன இருக்கிறது என்று இருந்துவிட்டேன்.

நாலாவது மாதமோ ஐந்தாவது மாதமோ, டீ நேரத்தில் ரோஸியே சொன்னாள்.

"சுலோ, உங்க டெய்லரு செவுத்தப் புடிச்சிக்கினு நடக்கறாருடி. ரெண்டு வாரமா அப்படித்தானாம். சொன்னா ஊசிய நிறுத்திடுவாங்கன்னு பயந்துக்கினு சொல்லாம இருந்திருக்காரு."

டீயை வைத்துவிட்டேன். அந்த ஊசி சிலருக்குக் காதின் உள்ளே போய் நிதானத்தைக் கெடுக்கும். டாக்டர்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். தலைசுற்றல், எண் நான்கு. எத்தனையோ அட்டைகளில் நானே என் கையால் நான்கு போட்டிருக்கிறேன். போடும்போது அது ஒரு கட்டத்தில் விழுகிற எண், அவ்வளவுதான்.

டாக்டர் அன்றே ஊசியை நிறுத்தினார். மிச்ச மாதங்களுக்கு வெறும் மாத்திரை. அந்த மாத்திரையோடு நோய் குணமாயிற்று. இருமல் போனது, எடை ஏறியது, எக்ஸ்ரே தெளிந்தது. தலைசுற்றல் மட்டும் நிற்கவில்லை. முன்னைவிடத் தேவலை, ஆனால் முழுக்க நிற்கவே இல்லை. கழுத்தைத் திருப்பினால் எதிரே இருப்பதெல்லாம் ஆடும் என்றார். சைக்கிளை விற்றுவிட்டார். ரவிக்கை தைக்கக் கொடுக்கிற சாக்கில் ஒரு நாள் போய்ப் பார்த்தேன். துணியை விரித்துச் சாக்பீஸை வைத்தார். கோடு கோணலாகப் போனது. அழித்தார், மறுபடி போட்டார், மறுபடி அழித்தார். மூன்றாம் தடவை என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, நீங்க போய் வாங்க அக்கா, அப்புறமா வெட்டி வைக்கிறேன் என்றார். எனக்கு அழுகை வந்தது. மார்க்கெட் வாசலில் வெண்டைக்காய் விலை கேட்பது போல நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை பத்மநாபன் சாரிடம் போய்ச் சொன்னேன். நான் குறுக்கே போகாமல் இருந்திருந்தால் அவருக்கு மாத்திரை போயிருக்கும், நன்றாக இருந்திருப்பார், நான்தான் கெடுத்தேன் என்றேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டார்.

"மாத்திரையே சாப்பிட்டிருந்தா அவர் நன்னா இருந்திருப்பார்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

அந்தக் கேள்வியை அவர் அத்தனை மெதுவாகக் கேட்டு நான் பார்த்ததில்லை. ஆறுதலாகத்தான் சொன்னார். வீட்டுக்கு வந்து யோசித்தால் ஒரு வகையில் நியாயமாகவும் இருந்தது. ஒரு ஆளை வைத்து எதையும் சொல்ல முடியாது, அதற்காகத்தானே அவ்வளவு பேரை அவ்வளவு உறைகளில் போட்டோம். ஆனால் என்னிடம் இருந்தது ஒரே ஒரு ஆள்தான். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

அதற்குப் பிறகும் பல வருடம் அங்கே வேலை பார்த்தேன். பெரிய தவறு ஏதும் செய்யவில்லை. இரண்டு பதவி உயர்வு, ஒரு பிரிவு உபசாரம், ஒரு சந்தன மாலை. பத்மநாபன் சார் எனக்கு முன்பே ஓய்வு பெற்றுப் போய்விட்டார். சாவி கடைசியில் என்னிடமே திரும்பி வந்தது. சீட்டு வந்ததும் நான் உறை திறக்கிற வேகத்தைப் பார்த்துப் புதுப் பிள்ளைகள் சிரிப்பார்கள்.

எழுபதுகளின் முடிவில், என் தங்கை கல்யாணத்துக்கு ரவிக்கை தைக்கக் காதர் பாய் கடைக்குப் போயிருந்தேன். அதற்குள் மாமனார் வீட்டாரின் உதவியில் அதே சந்தில் சொந்தமாக ஒரு சின்னக் கடை வைத்திருந்தார்கள். அவருடைய மச்சான் வெட்டினார், மனைவி மெஷினில் தைத்தாள். காதர் பாய் மூலையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து கொக்கி தைத்துக்கொண்டிருந்தார். அன்றைக்குச் சொல்லிவிடுவது என்று தீர்மானம் செய்துகொண்டுதான் வீட்டிலிருந்து கிளம்பினேன். நடந்து வரும்போதே வார்த்தைகளைக்கூட அடுக்கி வைத்திருந்தேன். என்னைக் கண்டதும் அவர் மச்சானிடம் ஸ்டூலைத் துடைத்துப் போடச் சொன்னார்.

"பாய், அன்னிக்கு அந்த ஊசி..." என்று ஆரம்பித்தேன்.

"அத்தச் சொல்லுங்க அக்கா," என்றார். மச்சான் பக்கம் கையைக் காட்டினார். "இவனாண்ட தெனம் அதத்தான் சொல்லிக்கினு கீறேன். அக்கா மட்டும் அன்னிக்கு சொல்லி வுடலன்னா நமக்கும் வெறும் மாத்திரதான் குடுத்திருப்பாங்க."

மச்சான் கத்தரியை வைத்துவிட்டு என்னைக் கும்பிட்டார். மெஷின் நின்றது. மனைவியும் திரும்பிப் பார்த்தாள். அவள் மடியில் படுத்திருந்த குழந்தை, இரண்டாவதோ மூன்றாவதோ, அதுவும் பார்த்தது.

"ஆமா பாய்," என்றேன். "வெறும் மாத்திரதான் குடுத்திருப்பாங்க."

துணியைக் கொடுத்துவிட்டு எழுந்தேன். வழியனுப்ப அவரும் எழுந்தார். வேண்டாம் என்று சொல்வதற்குள் கதவுச் சட்டத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"பாத்து எறங்குங்க அக்கா," என்றார். "படி ஒண்ணு ஒடஞ்சி கீது."